நாலாம் நம்பர் சாக்ஸ்

அத்தியாயம் 11

யார் யார் இருந்தார்கள், எங்கெங்கே உட்கார்ந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யார் எந்தக் கோப்பையை எடுத்தார்கள் என்பதில் குழப்பம் வராது.

சமையலறை மேசையில், ஜன்னலைப் பார்த்த முனையில் வெண்டல் ஹேகன். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவர். சனிக்கிழமை என்றாலும் பேருந்துத் தொப்பி தலையில்தான் இருந்தது. அவருக்கு இடப்பக்கம் மகள் மார்லா. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம். மார்லாவுக்கு நேர் எதிரே மாப்பிள்ளையின் அம்மா வின்னி. வெர்மான்ட்டிலிருந்து தானே காரோட்டி, பின்சீட்டு நிறையத் தன் தோட்டத்து ஆப்பிளைப் புளிக்கவைத்துச் செய்த சைடர் பாட்டில்களோடு முந்தின நாள்தான் வந்து இறங்கியிருந்தாள். மாப்பிள்ளை ஏமோஸ் வரவில்லை. மில்வாக்கி ஆஸ்பத்திரியில் அந்த வாரம் அவனுக்கு லீவு தரவில்லை. வெண்டலின் மனைவி நோரீன் மட்டும் உட்காராமல், அடுப்பு மேடையோரம் நமக்கு முதுகைக் காட்டி நின்று, பாட்டில்களுக்கு சாக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சாக்ஸ் எல்லாம் வெண்டலுடையவை.

“துவைச்சதுதானே?” என்று கேட்டாள் வின்னி.

“துவைச்சதுதான். துவைக்காததைப் போட்டா பீரு, சைடரு எல்லாத்துக்கும் ஒரே வாசனைதான் வரும்.”

“அந்த வாசனைக்கும் ஒரு ஓட்டு வைங்க,” என்றார் வெண்டல்.

லேபிளைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும். கென்டக்கியில் இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் சாக்ஸ். ஒவ்வொன்றின் கழுத்திலும் நம்பர் எழுதிய அட்டையை நோரீன் நூலால் கட்டினாள். பிடித்த பாட்டிலின் முன்னால் ஆளுக்கு ஒரு மக்காச்சோள மணி வைக்க வேண்டும். சாக்ஸ் மாட்டுகிற நோரீனுக்கு ஓட்டு கிடையாது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் பின்புறப் புல்வெளியில் விருந்து. அதில் மூன்றே மூன்று பானம் என்பது மார்லாவின் யோசனை. மாப்பிள்ளை ஊரிலிருந்து ஒரு சைடர், பெண் ஊரிலிருந்து ஒரு போர்பன் விஸ்கி, இரண்டு பேரும் சந்தித்த மில்வாக்கியிலிருந்து ஒரு பீர். ‘மூன்று ஊர் விருந்து’ என்று அட்டையில் அச்சடிக்கக்கூடக் கொடுத்துவிட்டாள்.

“ஒயின் கேக்குறவங்களுக்கு?” என்று வின்னி சந்தேகம் கேட்டாள்.

“தண்ணி இருக்கு. அதுவும் நம்ம ஊர்த் தண்ணிதான்,” என்றாள் மார்லா.

இத்தனை சிரிப்புக்கும் நடுவில் ஒரு பெயரை எல்லோரும் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள். போன வாரம் படித்தவர்களுக்குத் தெரியும். அழைக்க வேண்டியவர்களைப் பற்றிப் பேசும்போது டாயல் சித்தப்பாவையும் கூப்பிடவேண்டும் என்று மார்லா சொன்னாள். வெண்டல் முள்கரண்டியைக் கீழே வைத்தார். “அவன் இந்த வாசல் வழியா வந்தா நான் அந்த வாசல் வழியாப் போயிடுவேன்,” என்றார். அதோடு அந்தப் பேச்சு நின்றது. ஆனால் மார்லா முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. தனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், கல்லூரிக்குப் போகும்போது பெட்டியைத் தூக்கி வந்தவர், தன் கல்யாணத்தன்று எங்கேயோ தனியாக உட்கார்ந்து சாப்பிடக்கூடாது என்பது அவள் கட்சி.

அண்ணன் தம்பி விவகாரம் ஒன்பது வருடப் பழசு. இரண்டு பேரும் ஒரே போர்பன் ஆலையில் வேலை பார்த்தார்கள். வெண்டல் பீப்பாய் நிரப்பும் கொட்டகையில். டாயல், மக்காச்சோளக் கூழைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டை வளர்க்கிற அறையில். அந்த வருடம் செப்டம்பரில் வேலைநிறுத்தம். எல்லோரும் வாசலுக்கு வெளியே, பழைய பீப்பாயில் தீ மூட்டிக்கொண்டு, முறை வைத்து நின்றார்கள். மறியல் வரிசைக்கு வெண்டல்தான் தலைவர். மூன்றாவது வாரம், ஒரு விடியற்காலை, டாயல் தன் வண்டியை நேராக அந்த வரிசையை நோக்கி ஓட்டி வந்தான். வெண்டல் முன்னால் போய் நின்றார். டாயல் ஜன்னல் கண்ணாடியை இறக்கினான்.

“நம்ம ஈஸ்ட்டைக் கொட்டிட்டுப் பாக்கெட் ஈஸ்ட் போடப்போறாங்களாம், அண்ணே. அப்பா வளர்த்த ஈஸ்ட்டு.”

வெண்டல் அதை நம்பவில்லை. சம்பளத்துக்காக உள்ளே போகிறவன் செத்துப்போன அப்பாவைத் துணைக்கு இழுக்கிறான் என்றே நினைத்தார். ஒரு பக்கமாக ஒதுங்கினார். வண்டி உள்ளே போயிற்று. அவனைப் பார்த்து இன்னும் சிலர் போனார்கள். அக்டோபர் முடிவதற்குள் நிறுத்தம் உடைந்தது. வெண்டல் திரும்ப அந்த ஆலைக்குள் கால் வைக்கவில்லை. பேருந்து ஓட்டப் போய்விட்டார்.

அந்த வரிசையில் நின்றவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆலையின் பச்சை லேபிள் போர்பனில், பீப்பாயை நிரப்பிய நாள் அச்சாகியிருக்கும். கடையில் பாட்டிலைக் கையில் எடுத்தால் முதலில் அந்த நாளைத்தான் பார்ப்பார்கள். அந்த வருடத்து இலையுதிர் காலத்தில் நிரப்பியது என்றால் திரும்ப வைத்துவிடுவார்கள். அடுத்தவர் வீட்டிலும் தொடமாட்டார்கள். வெண்டல் வீட்டில் சட்டம் இன்னும் கடுமை. பச்சை லேபிளே உள்ளே வரக்கூடாது. ஒரே ஒரு விலக்கு உண்டு. நிறுத்தத்துக்கு முன்னால் வெண்டல் தன் கையால் நிரப்பிய பீப்பாயிலிருந்து வந்த ஒரு பாட்டில், சமையலறையின் உயர அலமாரியில், பாதிக்கு மேல் தீர்ந்து, இருந்தது.

முதலில் பீர்.

மார்லா மில்வாக்கியிலிருந்து மூன்று கொண்டுவந்திருந்தாள். ஒன்று வெளிர் மஞ்சள், ஒன்று செர்ரிப் பழம் போட்டது, ஒன்று கன்னங்கரேல் என்று.

வெண்டல் கறுப்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். “இது நம்ம பஸ்ஸோட எஞ்சின் ஆயில் மாதிரில்ல இருக்கு.”

“குடிச்சுட்டுப் பேசுங்கப்பா.”

ஒரு வாய் குடித்தார். “எஞ்சின் ஆயிலேதான். ஆனா புது பஸ்ஸு.”

வின்னிக்குச் செர்ரி பிடித்தது. மார்லா மஞ்சளுக்கு மணி வைத்தாள். வெயிலில் நின்று பேசுகிறவர்கள் இரண்டு கிளாஸ் குடித்தாலும் தலை சுற்றாது என்பது அவள் வாதம். கல்யாணப் பெண் சொல்லுக்கு மற்ற இருவரும் தங்கள் மணிகளை நகர்த்திக்கொண்டார்கள்.

நோரீன் உப்பு பிஸ்கட்டும், மெல்லியதாகச் சீவிய பன்றித்தொடைக் கறியும் வைத்தாள். வாய் கழுவத் தண்ணீர் வைத்தாள். அடுத்து சைடர்.

“எங்க பக்கத்துல சைடர்னா சின்னப் புள்ளைங்க குடிக்கிறது,” என்று வெண்டல் வம்புக்கு இழுத்தார்.

“உங்க பக்கத்துல மக்காச்சோளத்தைச் சாப்பிடத் தெரியாம ஊறப்போட்டுக் குடிக்கிறாங்களே, அதுக்கு இது தேவலாம்,” என்றாள் வின்னி.

முதலாவது இனிப்பு. எல்லோரும் தலையாட்டினார்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை. இரண்டாவதைக் குடித்ததும் வெண்டலின் புருவம் இரண்டும் தொப்பிக்குள் போய்விட்டன.

“ஆப்பிள் கோவிச்சுக்கிட்டுப் போன மாதிரி இருக்கு.”

“இன்னொரு வாய் குடிங்க. ஒரு துண்டு கறியையும் வாயில போட்டுக்கிட்டு.”

குடித்தார். மென்றார். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். “சரி. திரும்பி வந்துடுச்சு.”

“அது என் மாமனார் நட்ட மரம். பழத்தைக் கடிச்சா நாக்கு மரத்துப்போயிடும். ஆடு கூடத் திங்காது. பாட்டில்ல போட்டாத்தான் அதுக்குப் புத்தி வரும்,” என்றாள் வின்னி.

மூன்றாவதை வெண்டல் குடிக்கவே இல்லை. மூக்கின் கீழே பிடித்துவிட்டு வின்னியைப் பார்த்தார். “இது எங்க ஊருப் பீப்பாய்ல படுத்திருந்திருக்கு.”

வின்னி ஆச்சரியத்தோடு மார்லாவைப் பார்த்தாள். போர்பனுக்கு ஒரு பீப்பாயை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்துவதில்லை. பழையதைத் தரகர்கள் வாங்கி எங்கெங்கோ விற்பார்கள். வின்னியும் அப்படித்தான் வாங்கியிருந்தாள். எந்த ஊர்ச் சரக்கு என்று அவளுக்கே தெரியாது.

“அப்பா மூக்குக்கு ஒரு இன்ஷூரன்ஸ் எடுக்கலாம்,” என்றாள் மார்லா.

சைடரில் இரண்டாவதுக்கு மூன்று மணியும் விழுந்தன. கோபித்துக்கொண்ட ஆப்பிள் விருந்துக்கு வருவது உறுதியாயிற்று.

பிறகு போர்பன். இதற்கு வெண்டல் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான்கு சாக்ஸ். எல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில் காய்ச்சியவை என்று நோரீன் சொன்னாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

வெண்டலின் முறை இது. கோப்பையில் ஒரு விரல் அளவு ஊற்றிக்கொள்வார். அதில் ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, இரண்டு கையையும் பரபரவென்று தேய்த்து, முகத்தை மூடிக்கொள்கிற மாதிரி முகர்வார். சாராயம் பறந்துபோய் தானிய வாசனையும் மர வாசனையும் நிற்கும். அதன் பிறகுதான் வாயில் வைப்பார். வின்னியும் அதே போலச் செய்து பார்த்தாள்.

“ஒண்ணு, தேன் பூசின ரொட்டி. நல்லதுதான். எல்லாருக்கும் பிடிக்கும், யாருக்கும் ஞாபகம் இருக்காது,” என்றார் வெண்டல்.

“ரெண்டு?” என்றாள் மார்லா.

“ரெண்டு கோதுமை போட்டது. மெத்து மெத்துன்னு இருக்கு. உங்க அத்தைங்க எல்லாம் ரெண்டு கிளாஸ் கேப்பாங்க.”

மூன்றில் மிளகு தூக்கலாக இருந்தது. வின்னிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

நாலாவதை உள்ளங்கையில் தேய்த்து முகத்தருகே கொண்டுபோன வெண்டல், கையை எடுக்கவில்லை. மார்லா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு அவர் கோப்பையை எடுத்து, சின்ன வாயாகக் குடித்து, விழுங்கி, அடுத்ததைக் குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

“என்னப்பா?”

“கனிஞ்ச வாழைப்பழம். அப்புறம் கடைசியில ஒரே ஒரு கிராம்பு.” நோரீனின் முதுகைப் பார்த்து, மெதுவாக, “என் பாட்டிலை எடுத்துட்டே இல்ல?” என்றார். “உயர அலமாரியில இருந்து. பரவாயில்ல. நல்ல காரியத்துக்குத்தானே. எல்லாரும் குடிக்கட்டும்.”

மக்காச்சோள மணியை நாலாம் நம்பர் முன்னால் வைத்தார். வின்னி ஏற்கெனவே அங்கேதான் வைத்திருந்தாள். மார்லாவும் வைத்தாள். “கடையில இனிமே கிடைக்காதே அது, விருந்துக்கு எப்படிப் பத்தும்?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“பத்தாது. சும்மா ருசிக்கு வெச்சிருப்பா உங்கம்மா. மாப்பிள்ளை வீட்டுக்காரங்களும் தெரிஞ்சுக்கட்டும்னு. அது நாங்க காய்ச்சினதும்மா, வின்னி. என் அப்பா வளர்த்த ஈஸ்ட்டு. நான் நிரப்பின பீப்பாய்.”

நோரீன் திரும்பினாள். “உன் பாட்டில் அலமாரியிலதான் இருக்கு, வெண்டல்.”

வெண்டல் நிமிர்ந்து பார்த்தார். அங்கே இருந்து பார்த்தாலே தெரிந்தது. அதன் இடத்தில் அப்படியே இருந்தது.

அவரே எழுந்து நாலாம் நம்பர் சாக்ஸை உருவினார். பச்சை லேபிள். மூக்குக்கண்ணாடி போடாமலே, கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து, நிரப்பிய நாளைப் படித்தார். அந்த வருடம். அக்டோபர்.

வின்னிக்கு ஒன்றும் புரியவில்லை. “அது நான் வாங்கினது. வர்ற வழியில, வெறுங்கையோட வரக்கூடாதேன்னு. கடைக்காரர்தான் ஒன்பது வருஷம் ஊறினதுன்னு எடுத்துக் குடுத்தாரு. காலையில நோரீன் கையில குடுத்தேன். ஏன், ஏதாவது தப்பா?”

“நீங்க ஒரு தப்பும் பண்ணல,” என்றாள் நோரீன்.

“நீ பார்த்தியா?” என்று வெண்டல் மனைவியைக் கேட்டார்.

“பார்த்தேன்.”

“நாளையும் பார்த்தியா?”

“பார்த்துட்டுத்தான் சாக்ஸை மாட்டினேன்.”

வெண்டல் பாட்டிலை மேசைமேல் வைத்தார். கொட்டவில்லை, உடைக்கவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டு பின்வாசல் கதவைத் திறந்து போனார். கதவு தானாகவே மூடிக்கொண்டது.

வின்னி தன் கோப்பையைத் தள்ளி வைத்தாள். நோரீன் அப்போதுதான் உட்கார்ந்து, சம்பந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நிறுத்தம், வரிசை, தம்பி, லேபிளில் இருக்கிற நாள். வின்னி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டேன்,” என்றாள் கடைசியில். “ஆனா குடிச்சதுக்கு வருத்தப்படவும் முடியல. அதுதான் சங்கடமா இருக்கு.”

“அந்தச் சங்கடம் அவருக்கு வரணும்னுதான் மாட்டினேன்,” என்றாள் நோரீன். “இவளுக்காகக் கேட்டா மாட்டேங்கிறாரு. எனக்காகக் கேட்டா மாட்டேங்கிறாரு. அவரு நாக்கு கேட்டா என்ன சொல்றாருன்னு பார்ப்போம்னு.”

மார்லா பின்வாசலுக்குப் போனாள்.

வெண்டல் படியில் உட்கார்ந்திருந்தார். தூரத்தில், மேட்டின் மேல், ஆலையின் கிடங்குகள் தெரிந்தன. கிடங்கிலிருந்து கசியும் சாராயக் காற்றில் வளரும் பூஞ்சையால் அந்தப் பக்கத்து மரங்கள், வேலி, வீட்டுக் கூரைகள் எல்லாம் கறுத்துப் போயிருக்கும். ஹேகன் வீட்டுச் சுவரையும் வருடம் ஒரு முறை தேய்த்துக் கழுவ வேண்டியிருக்கும். தம்பியோடு பேச்சை நிறுத்தின பிறகும் அந்தக் கறுப்பு வருவது நிற்கவில்லை.

மகள் பக்கத்தில் உட்கார்ந்ததும் அவரே பேசினார்.

“பாக்கெட் ஈஸ்ட் போட்டிருந்தா அந்தக் கிராம்பு வராது. சத்தியமா வராது. ஈஸ்ட்டு பசிக்கிற ஜீவன். நேரத்துக்குத் தீனி வைக்கலைன்னா செத்துப்போகும். உள்ள இருந்த மேனேஜருங்களுக்கு அது தெரியாது. அவன் போகலைன்னா அது அந்த மாசமே போயிருக்கும். இன்னிக்கு வரைக்கும் அந்த ஆலையில இருந்து வர்ற எதுலயும் அந்த ருசி இருந்திருக்காது.”

“அப்போ சித்தப்பா பொய் சொல்லலை.”

“பொய் சொல்லலை,” என்றார். “ஒன்பது வருஷமா அவன் பொய் சொன்னான்னுதான் நான் கோவமா இருந்தேன். உள்ள போனதுக்கான கோவமெல்லாம் அதுக்கு அப்புறம்தான். முதல் கோவம் அதுதான்.”

“அப்போ கூப்பிடலாமா?”

“அவசரப்படாதே. பொய் சொல்லலைங்கிறது வேற, தப்பு பண்ணலைங்கிறது வேற. அவன் வண்டி உள்ள போனதைப் பார்த்துத்தான் மத்தவங்க போனாங்க. அது நடக்கலைன்னா நாங்க ஜெயிச்சிருப்போமான்னு எனக்குத் தெரியாது. ஆனா தோத்ததுக்கு யார் விலை குடுத்தா தெரியுமா? அதுக்கப்புறம் வேலைக்குச் சேர்ந்த புள்ளைங்க. லீலண்ட் மகன் இன்னிக்கும் அதே கொட்டகையில, நான் பார்த்த அதே வேலையைப் பார்க்கிறான். பக்கத்துல நிக்கிற பழைய ஆளுக்கு ஒரு சம்பளம், அவனுக்கு அதைவிடக் கம்மி. லீலண்ட் முகத்தைப் பார்த்து நான் என்ன சொல்றது? ஈஸ்ட்டு பொழைச்சுக்கிச்சுன்னா?”

லீலண்ட், வெண்டலோடு வரிசையில் நின்றவர். மார்லாவுக்கு ஞானத்தந்தை. விருந்தன்று சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லப்போகிறவர் அவர்தான்.

அப்பா சொன்னதில் ஒரு பிழையும் மார்லாவுக்குத் தெரியவில்லை. அதுவே அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

“நீங்க அவரை மன்னிக்கணும்னு நான் கேக்கலப்பா,” என்றாள். “அவரு வந்து சாப்பிடணும்னு கேக்குறேன். நீங்க பேசிக்கிட்டாலும் பேசிக்காட்டாலும்.”

“வந்து, யார்கூட உக்காருவான்? லீலண்ட் எழுந்து போவாரு. அவரு போனா அந்த மேசையே போகும். இவன் தட்டைக் கையில வெச்சிக்கிட்டு மரத்தடியில நிப்பான். அதைப் பார்க்கவா கூப்பிடுறே?”

“அப்படி நிக்க விடுவீங்களா நீங்க?”

வெண்டல் மேட்டின் மேல் கிடங்குகளைப் பார்த்தபடி தொப்பியின் முனையை வளைத்து வளைத்து விட்டுக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கை ஊன்றி எழுந்தார்.

உள்ளே வந்தவர் மேசையில் இருந்த பச்சை லேபிளை எடுத்து வின்னியிடம் கொடுத்தார். “இதை நீங்க ஊருக்கு எடுத்துட்டுப் போங்க, வின்னி. நல்ல சரக்கு. ஏமோஸுக்குக் குடுங்க. விருந்துல இது வேண்டாம். அன்னிக்கு வர்றவங்கள்ல பாதிப் பேர் அந்த வரிசையில நின்னவங்க. அவங்க கையில நான் இதைக் குடுக்க மாட்டேன்.”

“புரியுது,” என்றாள் வின்னி.

“போர்பன் ரெண்டாம் நம்பர். அத்தைங்க குடிக்கட்டும்.” தன் மணியை எடுத்து இரண்டாம் நம்பர் முன்னால் வைத்தார். மார்லாவின் முகம் வாடியதை நோரீன் கவனித்தாள். விஷயம் அதோடு முடிந்துவிட்டது என்றுதான் இரண்டு பேரும் நினைத்தார்கள்.

“நோரீன், கோடு போட்ட தாள் ஒண்ணு குடு. பேனாவும்.”

கையால் கடிதம் எழுதி அவருக்குப் பழக்கம் விட்டுப்போயிருந்தது. பீர்க் கோப்பைகளை ஒதுக்கிக்கொண்டு, மேசையிலேயே எழுதினார். முதல் வரிக்கு நிறைய நேரம் ஆயிற்று. மற்றவை வேகமாக வந்தன. எழுதி முடித்ததும் நோரீனிடம் நீட்டினார். அவள் சத்தமாகவே படித்தாள்.

‘டாயல்,

அடுத்த மாதம் மார்லாவுக்குக் கல்யாணம். முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் விருந்து. நீ வர வேண்டும் என்று அவள் விரும்புகிறாள். கூப்பிடுகிறவன் நான்.

ஈஸ்ட்டுக்காகப் போகிறேன் என்று அன்றைக்கு நீ சொன்னாய். நான் நம்பவில்லை. அந்த அக்டோபரில் நிரப்பியதை இன்றைக்குக் குடித்தேன், தெரியாமல்தான். அப்பாவுடைய ஈஸ்ட் அதில் இருக்கிறது. நீ சொன்னது உண்மை. உள்ளே போனது தப்பு. இரண்டையும் ஒன்றுக்கு ஒன்று கழித்துக்கொள்ள எனக்கு வரவில்லை. அப்படியே இருக்கட்டும்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் வருவார்கள். உன்னோடு பேசினாலும் பேசுவார்கள், பேசாமலும் இருப்பார்கள். எனக்கு அதில் அதிகாரம் இல்லை. நீ சாப்பிடும்போது நான் உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

வெண்டல்’

மார்லா எழுந்து போய் அப்பாவின் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையை இரண்டு தட்டுத் தட்டினார்.

“லீலண்டுக்கு எப்போ சொல்லப்போறே?” என்று நோரீன் கேட்டாள். “அவருக்கு வேற யார் மூலமாவாவது தெரிஞ்சா இன்னும் மோசம்.”

“இன்னிக்கே தெரிஞ்சுடும்.”

“போன் பண்றியா?”

வெண்டல் தாளை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசையை நாக்கால் ஈரப்படுத்தி, கட்டைவிரலால் ஓரம் முழுக்க இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தார். தபால்தலை ஒட்டினார். டாயலின் முகவரியைப் பெரிய எழுத்தில், யாரும் தவறாகப் படிக்க முடியாதபடி எழுதினார். அதை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாக ரோட்டோரத் தபால் பெட்டிக்கு நடந்தார்.

பெட்டிக்குள் போட்டு, எடுத்துப்போகக் கடிதம் இருக்கிறது என்று தபால் வண்டிக்குக் காட்டும் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டு வந்திருக்கலாம். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அவர் போடவில்லை. கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, தபால் வண்டி வருகிற திசையைப் பார்த்தபடி நின்றார். ஜன்னல் வழியாக மூன்று பெண்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏன் நிக்கிறாரு?” என்று வின்னி கேட்டாள்.

நோரீன்தான் சொன்னாள். “இந்த ரோட்டுக்குத் தபால் வண்டி ஓட்டுறது பியூலா. லீலண்ட் பொண்டாட்டி.”

வெள்ளை வண்டி வந்து நின்றது. பியூலா மின்சாரக் கட்டண உறையையும் ஒரு மளிகைக் கடை விளம்பரத்தையும் நீட்டினாள். வெண்டல் தன் கடிதத்தைக் கொடுத்தார். அவள் முகவரியைப் படித்தாள். மறுபடியும் படித்தாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தாள்.

“வெண்டல், இது சரியான ஆளுக்குத்தானா?”

“சரியான ஆளுக்குத்தான்.”

“நான் என் வேலையைத்தான் பார்க்க முடியும். ஆனா வீட்டுல கேட்டா என்னால பொய் சொல்ல முடியாது.”

“சொல்ல வேண்டாம். அதுக்குத்தான் உன் கையிலேயே குடுக்குறேன். லீலண்டை என்னைப் பார்க்க வரச் சொல்லு. எந்நேரமானாலும் முழிச்சிருப்பேன்.”

பியூலா கடிதத்தைப் பக்கத்துத் தட்டில், மற்றக் கடிதங்களோடு சேர்த்து வைத்தாள். வண்டியை எடுத்தாள்.